வேலை விளம்பரத்தைவிட அவர்களின் செய்தி மடல் அதிகம் சொல்லும்

கேள்வி:

வணக்கம் ஐயா. எனக்கு வயது 28. வங்கியில் தொழில் கடன் பிரிவில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். அலுவலகம், கடை, குடோன் போன்றவற்றை வாடகைக்கு விடுவது, விற்றுக் கொடுப்பது, பராமரிப்பது எல்லாம் செய்யும் ஒரு கமர்ஷியல் ரியல் எஸ்டேட் நிறுவனம் எங்கள் ஊரில் இருக்கிறது. 30 பேர் வேலை செய்யும் உள்ளூர் நிறுவனம். மாதம் ஒரு செய்தி மடல் அனுப்புவார்கள். இந்தக் கட்டடத்தை வாடகைக்கு விட்டோம், இன்னார் புதிதாகச் சேர்ந்தார், இன்னார் பங்குதாரர் ஆனார் என்றெல்லாம் அதில் வரும். இரண்டு வருடமாக விடாமல் படிக்கிறேன். இந்த மாதம் மூன்று வேலைகளுக்கு ஆள் தேவை என்று போட்டிருக்கிறார்கள். புரோக்கரேஜ் அசோசியேட் வேலைக்கு முழுக்கக் கமிஷன்தான். ரிசர்ச் அனலிஸ்ட் வேலைக்கு மாதச் சம்பளம் உண்டு, ஆனால் வங்கியில் வாங்குவதைவிடக் குறைவு. மூன்றாவது, கட்டடப் பராமரிப்பு மேலாண்மைப் பிரிவில் உதவியாளர். எனக்கு முதல் வேலையில்தான் ஆசை. வீட்டில் "வங்கி வேலையை விட்டுவிட்டு புரோக்கர் ஆகப் போகிறாயா?" என்று கேட்கிறார்கள். இது நல்ல நிறுவனமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எதற்கு விண்ணப்பிக்கலாம்? கடைசி நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள தம்பி,

முதலில் நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். அனலிஸ்ட் வேலைக்கு விண்ணப்பியுங்கள். புரோக்கராக வேண்டும் என்ற ஆசையை விட வேண்டாம். ஆனால் அதற்குள் நுழைய உங்களுக்குப் பொருத்தமான கதவு அனலிஸ்ட் நாற்காலிதான். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அதற்கு முன், அந்த நிறுவனம் நல்லதா என்ற கேள்விக்கு வருவோம். அதற்கான சாட்சியம் இரண்டு வருடமாக உங்கள் கையில்தான் இருக்கிறது. எல்லாச் செய்தி மடல்களையும் எடுத்து மேஜையில் வையுங்கள். வேலை விளம்பரம் என்பது நிறுவனம் தன்னைப் பற்றிச் சொல்ல விரும்புவது. அதே நிறுவனம் மாதாமாதம் போடும் செய்திகளை வரிசையாகப் படித்தால், அது சொல்ல நினைக்காத விஷயங்களும் தெரியவரும்.

ஒரு டீல் செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். "40,000 சதுர அடி குடோன் வாடகைக்கு விடப்பட்டது" என்று இருக்கிறது. படிக்கப் பெரிதாகத்தான் இருக்கும். இதில் பார்க்க வேண்டியது, நிறுவனம் யார் பக்கம் நின்றது என்பது. கட்டட உரிமையாளர் பக்கமா, வாடகைதாரர் பக்கமா? எப்போதும் உரிமையாளர் பக்கமே நிற்கும் நிறுவனத்தில் வேலை என்பது பெரும்பாலும் கையிலிருக்கும் கட்டடங்களை நிரப்புவதுதான். வாடகைதாரர் பக்கமும் சமமாக நின்றால், அங்கே ஆட்கள் வெளியே போய் வாடிக்கையாளரைத் தேடிப் பிடிக்கிறார்கள் என்று அர்த்தம். இரண்டும் தொழில்தான். ஆனால் நீங்கள் கற்றுக்கொள்ளப்போவது வேறு வேறு.

அடுத்து, அது புது ஒப்பந்தமா, ஏற்கனவே இருப்பவர் மறுபடியும் கையெழுத்துப் போட்டதா? மடலில் "விடப்பட்டது" என்று ஒரே சொல்லில் இரண்டையும் எழுதுவார்கள். வாடகைதாரர் பெயரைப் பார்த்தால் தெரிந்துவிடும். புதுப்பித்தல் ஒன்றும் குறைவான வேலை இல்லை. ஆனால் வருடம் முழுக்கப் புதுப்பித்தல் மட்டுமே வந்திருந்தால், அந்த நிறுவனம் பழைய உறவுகளை வைத்து ஓடிக்கொண்டிருக்கிறது. புதியவர் போய் அங்கே எதைப் பிடித்து மேலே வருவது?

ஒரே டீலில் இரண்டு பக்கமும் அதே நிறுவனம் நின்றதாகச் செய்தி இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு தரப்பும் எழுத்தில் சம்மதம் கொடுத்தால் பல நாடுகளில் இது சட்டப்படி செல்லும். ஆனாலும் உரிமையாளருக்கு வாடகை கூட வேண்டும், வாடகைதாரருக்குக் குறைய வேண்டும். ஒரே கூரையின் கீழ் இருவருக்கும் எப்படி விசுவாசமாக இருக்கிறீர்கள் என்று இன்டர்வியூவில் கேளுங்கள். யார் எந்தக் கோப்பைப் பார்க்கலாம், யார் யாரிடம் பேசக் கூடாது என்று தெளிவான நடைமுறை சொன்னால் நல்லது. "அதெல்லாம் பிரச்சினையே வந்ததில்லை" என்று மட்டும் சொன்னால், அங்கே ஒரு நடைமுறையும் இல்லை.

இப்போது பெயர்கள். நான் ஆள் எடுக்கும் இடத்திலும் இருந்திருக்கிறேன், வேலைக்குச் சேர்பவர்களுக்கு ஆலோசனை சொல்லும் இடத்திலும் இருந்திருக்கிறேன். இரண்டு பக்கமும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு தரகு நிறுவனத்தில் இளையவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஒரு தாளில் எல்லா டீல்களையும் எழுதி, எதிரே அதை முடித்தவர்களின் பெயரை எழுதுங்கள். இரண்டு வருடத்திலும் திரும்பத் திரும்ப ஒரே ஒரு பெயர் வருகிறதா? அப்படியானால் அது ஒருவர் தோளில் நிற்கும் நிறுவனம். அவர் ஓய்வு பெற்றாலோ, வேறு இடத்துக்குப் போனாலோ என்ன மிஞ்சும்? அதற்கு மாறாக, மூத்தவர் பெயரோடு ஒரு இளையவர் பெயரும் சேர்ந்து வருகிறதா? முதல் வருடம் அப்படிச் சேர்ந்து வந்த பெயர், இரண்டாம் வருடம் தனியாக ஒரு சிறிய டீலில் வருகிறதா? வந்தால், அங்கே கற்றுக்கொடுக்கிறார்கள், கற்றவரை வளரவும் விடுகிறார்கள்.

"புதிதாகச் சேர்ந்தார்" என்று போட்ட பெயர்களையும் இதே தாளில் எழுதுங்கள். யாரும் "இன்னார் எங்களை விட்டுப் போனார்" என்று செய்தி போடுவதில்லை. ஆனால் சேர்ந்ததாகப் போட்டவர் அடுத்த ஒரு வருடத்தில் எங்கேயும் தென்படவில்லை என்றால், அவர் போயிருக்கலாம். அப்படி இரண்டு மூன்று பேர் இருந்தால், அவர்களில் ஒருவரைத் தேடிப்பிடித்து மரியாதையாக ஒரு பத்து நிமிடம் பேசுங்கள். குறை கேட்கும் தொனியில் கேட்காதீர்கள். "அங்கே முதல் வருடம் எப்படி இருந்தது?" என்று மட்டும் கேளுங்கள். பங்குதாரர் ஆனவர் உள்ளேயே வளர்ந்தவரா, வெளியிலிருந்து கூட்டி வந்தவரா என்றும் பாருங்கள். விருதுச் செய்திகளைத் தாண்டிப் போய்விடலாம்.

மடலில் சந்தை நிலவரம் என்று ஒரு பகுதி வருகிறதா? வந்தால் அதை மிகக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் நீங்கள் சேரப்போகும் அனலிஸ்ட் மேஜையிலிருந்துதான் அது எழுதப்படுகிறது. "சந்தை சூடு பிடித்திருக்கிறது" என்று மாதாமாதம் எழுதுபவர்களிடம் கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது. ஆள் இல்லாமல் காலியாகக் கிடக்கும் இடம் வேறு. ஆள் இருந்தும் வாடகைக்கு விடத் தயாராக விளம்பரத்தில் இருக்கும் இடம் வேறு. இரண்டையும் பிரித்துக் காட்டுகிறார்களா? அந்தக் காலாண்டில் புதிதாக நிரம்பிய பரப்பிலிருந்து காலியான பரப்பைக் கழித்து நிகரக் கணக்கு போடுகிறார்களா? மோசமான காலாண்டை மோசம் என்றே எழுதினார்களா?

எல்லாவற்றுக்கும் மேலாக வாடகை. கேட்கும் வாடகையை மட்டும் போடுகிறார்களா, உண்மையில் கைக்கு வரும் வாடகையைப் பற்றியும் பேசுகிறார்களா? இது உங்களுக்குப் பிடித்த கணக்காக இருக்கும் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஐந்து வருட ஒப்பந்தம், மாத வாடகை 100 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 60 மாதத்துக்கு 6,000. ஆனால் உரிமையாளர் முதல் ஆறு மாதம் வாடகை வேண்டாம் என்கிறார். அப்போது வருவது 5,400. அறுபதால் வகுத்தால் மாதம் 90. அப்புறம், உள்ளே தடுப்புச் சுவர், மின் வேலை, தரை எல்லாம் போட்டுக்கொள்ள 300 தருகிறேன் என்கிறார். மிச்சம் 5,100. மாதம் 85. பலகையில் 100 என்று எழுதியிருக்கும் கட்டடத்தில் உண்மையான வாடகை 85. காலம் கெட்டுப் போகும்போது உரிமையாளர்கள் சட்டென்று 100-ஐக் குறைக்க மாட்டார்கள். கட்டடத்தின் மதிப்பே அந்த எண்ணை வைத்துத்தான் பேசப்படுகிறது. அவர்கள் இலவச மாதங்களைத்தான் கூட்டுவார்கள். ஆகவே கேட்கும் வாடகை அசையாமல் நிற்கும்போதே சந்தை இறங்கிக்கொண்டிருக்கலாம். இதைத் தன் வாசகருக்கு எடுத்துச் சொல்லும் நிறுவனம் நேர்மையான நிறுவனம். அங்கே வேலை பார்த்தால் உங்கள் கண் கூர்மையாகும்.

சரி, கமிஷன் வேலைக்கு ஏன் உடனே போக வேண்டாம் என்கிறேன்?

பணம் எப்படி வருகிறது என்று பாருங்கள். ஒரு குத்தகை முடிந்தால் தரகு 100 கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் வெவ்வேறு நிறுவனங்கள் இருந்தால் அது 50, 50 ஆகப் பிரியலாம். உங்கள் நிறுவனத்துக்கு வந்த 50-ல் பாதியை நிறுவனம் எடுத்துக்கொண்டால் புரோக்கர்களுக்கு 25. அந்த வாடிக்கையாளரை வைத்திருக்கும் மூத்தவருக்கு அதில் பெரும்பங்கு. கூட ஓடி வேலை பார்த்த உங்களுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு என்றால், 5. இந்த விகிதங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், நான் கணக்குக்காகச் சொல்கிறேன். ஆனால் 100 எப்படி 5 ஆகிறது என்ற பாதை பெரும்பாலான இடங்களில் இதுதான். அந்த 5-ம் உடனே வராது. பல இடங்களில் கையெழுத்தின்போது பாதி, வாடகைதாரர் குடிவந்து வாடகை கொடுக்க ஆரம்பித்த பிறகு பாதி. முதல் போன் பேசியதிலிருந்து பணம் கைக்கு வர ஒரு வருடம் ஆவதெல்லாம் இந்தத் தொழிலில் சாதாரணம். வீடு விற்றுக் கொடுப்பவரின் வேகத்தை மனதில் வைத்துக்கொண்டு வருபவர்கள் இங்கேதான் மூச்சுத் திணறுகிறார்கள்.

இடையில் செலவுக்கு என்ன செய்வது? சில நிறுவனங்கள் மாதம் ஒரு தொகை கொடுத்துவிட்டு, பின்னால் வரும் கமிஷனில் கழித்துக்கொள்ளும். அதைச் சம்பளம் என்று நினைத்துவிடாதீர்கள். அது கடன். கமிஷனே வராமல் நீங்கள் வேலையை விட்டால் அந்தத் தொகையைத் திருப்பிக் கேட்பார்களா, மாட்டார்களா என்பது எழுத்தில் இருக்க வேண்டும். குறைந்தது ஒரு வருட வீட்டுச் செலவைத் தனியாக எடுத்து வைக்காமல் முழுக் கமிஷன் வேலைக்குப் போகாதீர்கள் என்று யாரிடமும் சொல்வேன். அது இல்லாதவர் அவசரத்தில் வாடிக்கையாளருக்குப் பொருந்தாத இடத்தைத் தள்ளிவிடப் பார்ப்பார். ஐந்து, பத்து வருடத்துக்கு ஒரு தொழிலை அந்தக் கட்டடத்தில் கட்டிப்போடும் ஒப்பந்தம் அது. தப்பான இடம் ஒரு சிறு முதலாளியை மூழ்கடித்துவிடும். நான் இதை லேசாகச் சொல்லவில்லை.

இனி, உங்கள் வங்கி அனுபவம். அதைக் கழற்றி வைத்துவிட்டு வரும் பழைய சட்டை மாதிரி எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் அதுதான் உங்கள் முதலீடு.

ஒரு கட்டடம் விற்பனைக்கு வருகிறது. கூடவே வாடகைப் பட்டியல் தருவார்கள். யார் யார் இருக்கிறார்கள், எத்தனை சதுர அடி, என்ன வாடகை, ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று ஒரு அட்டவணை. பத்து வாடகைதாரர்கள், காலி இடமே இல்லை, நூறு சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று மேலே தடித்த எழுத்தில் இருக்கும். அனுபவம் இல்லாதவர் அங்கேயே நின்றுவிடுவார். கடன் பிரிவில் உட்கார்ந்த உங்கள் கண் நேராகக் கடைசிப் பத்திக்குப் போகும். பத்துப் பேரில் ஒருவர் மட்டும் அறுபது சதவீத இடத்தை வைத்திருக்கிறார், அவருடைய ஒப்பந்தம் இன்னும் 14 மாதத்தில் முடிகிறது. அவர் போய்விட்டால் கடன் தவணையைக் கட்ட மிச்ச வாடகை போதுமா? இன்னொருவர் ஒப்பந்தமே இல்லாமல் மாதத்துக்கு மாதம் இருக்கிறார். வேறொருவர், உரிமையாளரின் சொந்தக் கம்பெனி. தன் கட்டடத்தில் தானே இருந்துகொண்டு ஊர் வாடகையைவிட அதிகமாகக் காட்டியிருக்கிறார், விலையை ஏற்றுவதற்காக. இப்படிப் பட்டியலைப் படிக்கத் தெரிந்தவர் ஒரு உள்ளூர் நிறுவனத்துக்குக் கிடைப்பது எளிதில்லை. கடன் கொடுப்பவர் எந்த இடத்தில் தயங்குவார் என்று முன்கூட்டியே தெரிந்தவர் மேஜையில் இருந்தால், கடைசி வாரத்தில் உடையும் டீல்கள் குறையும்.

வட்டிக்கும் கட்டட விலைக்கும் உள்ள உறவும் உங்களுக்குப் புதிதாக இருக்காது. செலவெல்லாம் போக வருடம் 60 வருமானம் தரும் கட்டடம். வாங்குபவர்கள் 5 சதவீத வருமானம் போதும் என்று நினைக்கும்போது அதன் விலை 1,200. அதே ஆட்கள் 6 சதவீதம் வேண்டும் என்று நினைத்தால் விலை 1,000. கட்டடத்தில் ஒரு செங்கல் மாறவில்லை, ஒரு வாடகைதாரர் போகவில்லை. விலை ஆறில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது. கேப் ரேட் என்று இந்தத் தொழிலில் தினமும் சொல்வது இந்தச் சதவீதத்தைத்தான். 2022 மார்ச்சில் ஏறக்குறைய பூஜ்யத்தில் இருந்த அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி, 2023 ஜூலைக்குள் ஐந்தே கால் சதவீதத்தைத் தாண்டியது. மற்ற பல நாடுகளிலும் வட்டி ஏறியது. விற்பவர் பழைய விலையைக் கேட்டார், வாங்குபவர் புது வட்டிக்குக் கணக்குப் போட்டார். நடுவில் விற்பனைகள் நின்றன. கட்டடங்களை விற்றுக் கொடுப்பதை மட்டுமே நம்பியிருந்த புரோக்கர்கள் அந்தக் காலத்தில் பட்ட பாடு கொஞ்சமில்லை.

அதே காலத்தில் பராமரிப்பு மேலாண்மைப் பிரிவு வைத்திருந்த நிறுவனங்கள் மூச்சு விட்டன. வசூலாகும் வாடகையில் இத்தனை சதவீதம் என்று மாதாமாதம் வரும் கட்டணம் அது. விற்பனை நின்றாலும் கட்டடத்தில் லிஃப்ட் ஓடித்தானே ஆக வேண்டும். ஆகவே இன்டர்வியூவில் நீங்கள் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி: "உங்கள் வருமானத்தில் குத்தகை எவ்வளவு, விற்பனை எவ்வளவு, மேலாண்மை எவ்வளவு?" துல்லியமான எண் சொல்லமாட்டார்கள். தோராயமாகச் சொன்னாலே போதும். எந்த வகைக் கட்டடங்கள் என்றும் கேளுங்கள். 2020-க்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை என்ற பழக்கம் பரவியதில் அலுவலகக் கட்டடங்கள் பல ஊர்களில் அடி வாங்கின. பகிர்வு அலுவலகங்களை உலகம் முழுக்கத் திறந்த வீவொர்க் 2023 நவம்பரில் அமெரிக்க நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்பு கேட்டது. அதே வருடங்களில் குடோன்களுக்கு இணைய வணிகம் வேலை கொடுத்தது. ஒரே வகையை நம்பியிருக்கும் சின்ன நிறுவனம் அதற்குக் காய்ச்சல் வந்தால் தானும் படுத்துவிடும்.

மூன்றாவது வேலையை நீங்கள் ஒரு வரியில் தள்ளிவிட்டீர்கள். அது கௌரவம் குறைந்த வேலை என்று நினைக்காதீர்கள். எந்த வாடகைதாரர் இடம் போதாமல் தவிக்கிறார், யார் சத்தமில்லாமல் காலி செய்யப் பார்க்கிறார் என்று முதலில் தெரிவது அந்த மேஜைக்குத்தான். நடு இரவில் தண்ணீர்க் குழாய் உடைந்தால் போன் வருவதும் அங்கேதான். உங்கள் பின்னணிக்கு அனலிஸ்ட் வேலை இன்னும் நெருக்கம், அவ்வளவுதான்.

"உள்ளூர் நிறுவனம்" என்று எழுதும்போது உங்கள் எழுத்தில் ஒரு தயக்கம் தெரிகிறது. இன்று உலகம் முழுக்கக் கிளை வைத்திருக்கும் பெரிய பெயர்கள் எல்லாம் ஒரு ஊரில், அந்த ஊர்க் கட்டடங்களை அறிந்த சில பேரால் தொடங்கப்பட்டவை. சிபிஆர்இயின் வேர் 1906-ல், நிலநடுக்கத்தில் சிதைந்த சான் பிரான்சிஸ்கோவில் இருக்கிறது. குஷ்மன் அண்ட் வேக்ஃபீல்ட் 1917-ல் நியூயார்க்கில் தொடங்கியது. ஜேஎல்எல் தன் பரம்பரையை 1783-ல் லண்டனில் இருந்த ஒரு ஏல நிறுவனம் வரை கொண்டுபோகிறது. இன்று அவர்களிடம் நாடு நாடாகக் கிளை விரிக்கும் கம்பெனிகளின் கணக்கு இருக்கிறது, நல்ல பயிற்சித் திட்டம் இருக்கிறது. உள்ளூர் நிறுவனத்திடம் இருப்பது வேறு: இந்தத் தெருவில் எந்தக் கட்டடம் யாருடையது, அண்ணன் தம்பிக்குள் என்ன தகராறு, யாருடைய ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது என்ற அறிவு. பெரிய இடத்தில் சேர்ந்த இளையவர் ஒரு டீலின் ஒரு துண்டைப் பார்ப்பார். 30 பேர் உள்ள இடத்தில் முதல் போனிலிருந்து சாவி கைமாறுவது வரை முழுதாகப் பார்க்கலாம். குறை என்ன என்றால், எல்லாம் உரிமையாளரின் மனநிலையைப் பொறுத்திருக்கும். அவருக்குப் பிறகு யார் என்று பதில் இல்லாத இடத்தில் பத்து வருடம் கழித்துச் சங்கடப்படுவீர்கள். அதற்காகத்தான் பங்குதாரர் செய்தியை மறுபடி பார்க்கச் சொன்னேன்.

இந்த மூன்று வாரத்தில் செய்ய ஒரு வேலை தருகிறேன். மடல்களிலிருந்து மூன்று டீல்களைத் தேர்ந்தெடுங்கள். ஒரு குடோன், ஒரு கடை, ஒரு அலுவலகம். நேரில் போய்ப் பாருங்கள். அனுமதி இல்லாமல் உள்ளே நுழைய வேண்டாம், வெளியிலிருந்தே நிறைய தெரியும். குடோனில் லாரி வந்து நிற்கும் மேடை லாரித் தட்டின் உயரத்துக்கு இருக்கிறதா, தரை மட்டத்தில் இருக்கிறதா? இரண்டு லாரி ஒரே நேரத்தில் திரும்ப முற்றம் போதுமா? கூரை எவ்வளவு உயரம்? பழைய குடோன்களில் இருபது, இருபத்துநான்கு அடி இருக்கும். இப்போது கட்டுபவை முப்பது அடியைத் தாண்டிப் போகின்றன, ஏனென்றால் சரக்கை மேலே மேலே அடுக்க வேண்டியிருக்கிறது. வாடகை சதுர அடிக்குத்தான், ஆனால் வாடகைதாரருக்குக் கிடைப்பது கன அடி. அலுவலகத்தில் வாசல் பெயர்ப் பலகையில் எத்தனை இடம் வெறுமையாக இருக்கிறது, மாலை ஆறு மணிக்கு எந்த மாடியில் விளக்கே எரியவில்லை என்று பாருங்கள். கடைக்கு, பக்கத்துக் கடைகள் என்னென்ன, வண்டி நிறுத்த இடம் எங்கே என்று பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள்: இந்த வாடகைதாரர் ஏன் இந்த இடத்தை எடுத்திருப்பார், ஒப்பந்தம் முடியும்போது இருப்பாரா போவாரா. ரெஸ்யூமேவோடு அந்த மூன்று பக்கத்தையும் வையுங்கள். நான் அந்த மேஜையில் இருந்தால் முதலில் அதைத்தான் படிப்பேன்.

படிப்பைப் பொறுத்தவரை, புரோக்கர் வேலைக்கு உங்கள் பகுதியில் லைசென்ஸோ பதிவோ தேவையா என்று அரசு விதியை நேரடியாகப் பாருங்கள், யார் வாய்ச்சொல்லையும் நம்ப வேண்டாம். நிலம், கட்டடங்களை அளப்பவர்கள், மதிப்பிடுபவர்களின் அமைப்பாக 1868-ல் லண்டனில் தொடங்கிய ரிக்ஸ் (RICS) தரும் தகுதியும், கமர்ஷியல் கட்டட முதலீட்டுப் பக்கத்தில் சிசிஐஎம் (CCIM) தகுதியும் பல நாடுகளில் மதிப்புள்ளவை. இரண்டுக்கும் வேலை அனுபவம் வேண்டும் என்பதால் இப்போதே ஓட வேண்டியதில்லை. சேர்ந்த முதல் வாரமே கற்க வேண்டியது பரப்பளவு கணக்கு. கட்டட உரிமையாளர்களின் சங்கமான போமா, அலுவலகப் பரப்பை எப்படி அளப்பது என்று 1915-லேயே விதி வெளியிட்டது. அதற்கு அப்போதும் தேவை இருந்தது, இப்போதும் இருக்கிறது. வாடகைதாரர் தன் சுவர்களுக்குள் பயன்படுத்துவது 10,000 சதுர அடி, ஆனால் லாபி, தாழ்வாரம், கழிவறையில் அவர் பங்கைச் சேர்த்து 11,500-க்கு வாடகை கேட்பார்கள். இரண்டு கட்டடங்களின் வாடகையை ஒப்பிடும்போது எந்தப் பரப்பை வைத்து என்று கேட்காதவர் வாடிக்கையாளரை ஏமாறவிடுகிறார். உங்கள் ஊரில் எந்த முறையில் அளக்கிறார்கள் என்று அங்குள்ள பழைய ஆளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வங்கியை விட்டு வரும்போது வாடிக்கையாளர் பட்டியலையோ, யாருக்கு எவ்வளவு கடன், எந்தக் கட்டடம் அடமானத்தில் என்ற விவரத்தையோ ஒரு தாளில்கூடக் கொண்டு வராதீர்கள். தலையில் இருப்பதையும் டீலுக்குப் பயன்படுத்தாதீர்கள். அவர்கள் உங்களை நம்பிச் சொன்னது வங்கிக்காக. இன்டர்வியூவில் "எத்தனை வாடிக்கையாளரைக் கூட்டி வருவீர்கள்?" என்று கேட்டால் பரவாயில்லை, பலரும் கேட்பதுதான். "தவணை கட்ட முடியாமல் இருப்பவர்கள் பட்டியல் கிடைக்குமா?" என்று கேட்டால், நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். மற்ற எல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த இடம் வேண்டாம்.

வீட்டில் கேட்பதில் நியாயம் இருக்கிறது. "புரோக்கர்" என்ற சொல்லோடு சண்டை போட வேண்டாம். மாதச் சம்பளம், எத்தனை குறைகிறது, எத்தனை மாதம் அதைத் தாங்கச் சேமிப்பு இருக்கிறது என்று தாளில் எழுதிக் காட்டுங்கள். அனலிஸ்ட்டாக இரண்டு வருடம், அதற்குள் ஒரு வருடச் செலவைச் சேர்த்துக்கொண்டு புரோக்கரேஜ் பக்கம் மாறுவது என்று திட்டம் சொல்லுங்கள். ஆனால் அந்த மாற்றம் சாத்தியமா என்று நிறுவனத்திடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். சில இடங்களில் நல்ல அனலிஸ்டை எல்லா மூத்தவர்களும் சேர்ந்து அங்கேயே உட்கார வைத்துவிடுவார்கள். இதற்கு முன் அப்படி மாறியவர் பெயர் சொல்ல முடிகிறதா என்று கேளுங்கள். உங்கள் தாளில் அந்தப் பெயர் ஏற்கனவே இருக்கலாம்.

வேலை கிடைத்து ஒப்பந்தம் கைக்கு வந்தால், கையெழுத்துப் போடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். இரண்டு இடங்களைக் குறிப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள். வேலையை விட்ட பிறகு எத்தனை காலம், எந்தப் பகுதியில் இதே தொழில் செய்யக் கூடாது என்று போட்டிருக்கிறார்கள் என்பது ஒன்று. இன்னொன்று, அனலிஸ்ட்டாக இருந்தாலும் நீங்கள் உழைத்த டீலில் ஊக்கத்தொகை உண்டென்றால், நீங்கள் போன பிறகு அந்த டீல் முடிந்தால் உங்கள் பங்கு என்ன ஆகும் என்பது. இந்தத் தொழிலில் நண்பர்கள் பிரிவது பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தில்தான். வாயால் "பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னால், அதையே இரண்டு வரி மின்னஞ்சலாக எழுதி அனுப்பி, பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.